ஏழு நாள் கப்பல்லயே குடித்தனம்: நார்வே கரையோரம் போயிட்டு வந்த கதை (கேள்வி இருந்தா கேளுங்க)

கோட்டார் வாத்தியார் – ஞாயிறு, மாலை 6:12

மகள் பெர்கன்ல இருக்கா. மார்ச் மாசம் நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம். "சும்மா வீட்ல இருந்து டிவி பாக்காதீங்க"ன்னு சொல்லி பெர்கன்ல இருந்து கிர்க்கெனெஸ் வரைக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துத் தந்துட்டா. ஆறு ராத்திரி. ஏழாம் நாள் காலையில இறக்கி விட்டுடுவான். திரும்பி வர்றது விமானத்துல.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுதேன். நம்ம ஆளுங்க கேட்டதும் "ஓ, குரூஸா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நீச்சல்குளமும் டான்ஸும் உள்ள உல்லாசக் கப்பல் இல்ல மக்களே. இது பஸ். திருவனந்தபுரம் பாஸ்ட் பாசஞ்சர் எப்படி தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளைன்னு நின்னு நின்னு போவுமோ, அதே மாதிரி 34 துறைமுகத்துல நின்னு நின்னு போவுது. காய்கறிப் பெட்டி, கார், நாய்க்குட்டி, பள்ளிக்கூடப் பையன், எங்கள மாதிரி வேடிக்கை பாக்குற கூட்டம், எல்லாம் ஒரே கப்பல்ல. வருஷம் முழுக்க தினமும் ஒண்ணு கிளம்புது. 11 கப்பல் மாறி மாறி ஓடுது.

1893 ஜூலை 2-ம் தேதி ரிச்சர்ட் வித்னு ஒரு கேப்டன் ஆரம்பிச்சு வச்சது. முதல் கப்பல் 'வெஸ்டரோலன்', ட்ரொண்ட்ஹைம்ல இருந்து ஹாமர்ஃபெஸ்ட் வரைக்கும். அதுக்கு முன்னாடி வடக்கே ஒரு கடுதாசி போய்ச் சேர கோடையில மூணு வாரம், குளிர்காலத்துல அஞ்சு மாசம் வரை ஆகுமாம். பாறை நிறைஞ்ச கரையில ராத்திரி ஓட்ட யாருக்கும் தைரியம் இல்ல. இந்த மனுஷன் எந்தத் திசையில எத்தனை நிமிஷம் போனா எந்த மூலை வரும்னு வருஷக்கணக்கா நோட்டுல எழுதி வச்சிருந்தாரு. திசைகாட்டி, கடிகாரம், அந்த நோட்டு, மூணையும் வச்சு இருட்டுல ஓட்டிக் காட்டினாரு.

மத்தது நாளைக்கு எழுதுதேன். அவ சாப்பிடக் கூப்பிடுதா.

முட்டம் மக்கா – ஞாயிறு, மாலை 6:40

சார், பாஸ்ட் பாசஞ்சர்னு சொல்லிட்டு ஏழு நாள்னு சொன்னா எப்படி? நமக்கு வடசேரியில இருந்து தம்பானூர் போறதுக்குள்ளயே உயிர் போவுது 😄

பத்மநாபபுரம் ப்ரியா – ஞாயிறு, இரவு 8:05

சார், வணக்கம். எங்க அத்தைய கூட்டிட்டுப் போகலாம்னு ஒரு யோசனை. அவங்க சுத்த சைவம், முட்டிவலி வேற. அறை எப்படி இருக்கும், சாப்பாடு என்ன, கடல் ஆட்டம் தாங்குமா, இதெல்லாம் விவரமா எழுதினா உபகாரமா இருக்கும்.

கோட்டார் வாத்தியார் – திங்கள், காலை 7:30

ப்ரியா, முதல்ல அறை. ரயில் கூபேய விடக் கொஞ்சம் பெரிசு. ஒரு கட்டில் பகல்ல சோபாவா மடங்கிடும். குளியலறைத் தரை வெதுவெதுன்னு இருக்கும், அடியில சூடு குடுத்திருக்கான். வீட்டுக்காரி மூணாம் நாளே அதைக் கண்டுபிடிச்சு நனைஞ்ச சாக்ஸ், மப்ளர், உள்பாவாடை எல்லாத்தையும் அங்க விரிச்சுட்டா. நான் குளிக்கணும்னா தாண்டித் தாண்டிப் போகணும்.

இங்க ஒரு மனக்குறையும் சொல்லணும். டிக்கெட் எடுத்துக் குடுத்த டிராவல்ஸ் ஆளு "கடல் பாக்குற ஜன்னல்"னு சொல்லி வித்தான். ஜன்னல் இருந்துது, இல்லைன்னு சொல்ல முடியாது. வெளிய அவசரப் படகு ஒண்ணு தொங்குது, ஆரஞ்சு கலர்ல. ஆறு ராத்திரியும் அந்தப் படகோட வயித்தத்தான் பாத்தோம். ஒருவிதத்துல நல்லதாப் போச்சு, அறைக்குள்ள இருக்கவே தோணாது. விடிஞ்சதும் மேல்தளத்துக்குப் போயிடுவோம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு கூடம் உண்டு, நாற்காலி எல்லாம் கடலப் பாத்துப் போட்டிருப்பான். மூணாம் நாளுக்குள்ள அவனவனுக்கு ஒரு நாற்காலி சொந்தமாயிடும். எங்களுக்கு இடதுபக்கம் ரெண்டாவது வரிசை. பக்கத்துல ஒரு ஜெர்மன்காரக் கிழவி, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கம்பளி பின்னிட்டே இருக்கும். பேச்சு கிடையாது. ஆறாம் நாள் அவளுக்கு ஏத்தங்கா சிப்ஸ் குடுத்தா இவ. அன்னைக்குத்தான் பேரே கேட்டுக்கிட்டோம்.

சாப்பாடு: காலையிலும் மதியமும் நாமே எடுத்துப் போடுறது. ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு, பழம், காய்ன்னு அத்தைக்குப் பட்டினி இருக்காது. ஆனா காரம்னு ஒரு சங்கதியே அங்க இல்ல. புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் கட்டிட்டுப் போங்க. சைவம்னு முன்பதிவுலயே எழுதிக் குடுத்தா ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தனியா வச்சுத் தருவான். காப்பிக்கு ஒரு வழி இருக்கு: கோப்பை ஒண்ணு அங்கயே விலைக்கு வாங்கினா, பயணம் முடியிற வரைக்கும் காப்பியும் டீயும் ஊத்திக்கிட்டே இருக்கலாம். முதல் நாளே வாங்கிடுங்க. தனித்தனியா வாங்கினா ஒரு காப்பி விலையில இங்க ஒரு வீட்டுக்கே மீன் வாங்கலாம்.

முட்டிவலிக்கு லிஃப்ட் இருக்கு, பயப்படாண்டாம்.

எஞ்சின்ரூம் அண்ணாச்சி – திங்கள், காலை 9:18

கொளச்சல்காரன், 31 வருஷம் சரக்குக் கப்பல்ல எஞ்சின் ரூம்ல இருந்தவன். கடல் ஆட்டத்துக்கு நான் சொல்லுதேன்.

அந்த வழியில பெரும்பாலான நேரம் ஆட்டமே தெரியாது. காரணம், கப்பல் போறது தீவுக்கும் கரைக்கும் நடுவுல. வெளிக்கடல் அலையத் தீவு வாங்கிக்கும், உள்ளே தெப்பக்குளம் மாதிரி கிடக்கும். தீவு விட்டுப்போற இடம் சிலது உண்டு. தெக்கே ஸ்டாட் முனை, அப்புறம் ஹூஸ்டாட்விகா, பூடோவுல இருந்து லோஃபோடன் தீவுகளுக்குத் தாண்டுற வெஸ்ட்ஃபியோர்ட், கடைசியில வடக்கு முனை சுத்திப் போற பேரன்ட்ஸ் கடல். இங்கதான் வயிறு கலங்கும். அறை எடுக்கும்போது நடுக்கப்பல்ல, கீழ்த்தளத்துல எடுங்க. முன்மூக்குலயும் மேல்தளத்துலயும் இருந்தா ஊஞ்சல்தான். வெறும் வயித்தோட இருக்கக் கூடாது. காய்ஞ்ச ரொட்டி தின்னுங்க, இஞ்சி மிட்டாய் வாயில போட்டுக்கிட்டு தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டப் பாருங்க. புஸ்தகம் படிக்கப்பிடாது, போன் நோண்டப்பிடாது.

அவ்வளவு வடக்கே போயும் ஏன் துறைமுகம் உறையலன்னு அடுத்து கேப்பியோ. தெக்கே இருந்து வர்ற வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையத் தடவிக்கிட்டே போவுது. அதனாலதான் குளிர்காலத்துலயும் பஸ் ஓடுது.

தக்கலை நர்ஸ் – திங்கள், பகல் 1:50

நான் சென்னையில இருந்து போர்ட் பிளேர் கப்பல்ல போயிருக்கேன். பங்க் வகுப்பு. கிட்டத்தட்ட 1,360 கிலோமீட்டர், மூணு நாள். அதுல ரெண்டு நாள் நாலு பக்கமும் தண்ணி, வேற ஒண்ணும் இல்ல. முதல் நாள் எல்லாரும் மேல்தளத்துல போட்டோ. ரெண்டாம் நாள் பாதிப் பேரு படுக்கையில, பக்கத்துல பாலித்தீன் கவர். மூணாம் நாள் சீட்டுக்கட்டு, பாட்டு, யாரு வீட்டுக் கல்யாணம் எப்பன்னு எல்லாருக்கும் எல்லாம் தெரியும். கரை தெரிஞ்சதும் ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க, இன்னும் காதுல கேக்குது.

சார் சொல்றத வச்சுப் பாத்தா அங்க கரை கண்ணை விட்டுப் போறதே இல்ல போல. ரெண்டும் வேற வேற அனுபவம்.

கோட்டார் வாத்தியார் – திங்கள், இரவு 9:25

சரியாச் சொன்னீங்க. கரை கூடவே வரும். மலை நேரா கடலுக்குள்ள இறங்குது. அடிவாரத்துல ஒரு சிவப்பு வீடு, ஒரு படகுத்துறை, அவ்வளவுதான். அடுத்த வீடு அரை மணி நேரம் கழிச்சு. மருந்துவாழ் மலைய வரிசையா நூறு தடவை நட்டு, மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி பனி.

ஆனா எனக்கு மனசுல நிக்கிறது மலை இல்ல. நாலாம் நாள் ராத்திரி தூக்கம் வரல. மூணு மணி இருக்கும், எஞ்சின் சத்தம் மாறுது. கோட்ட மாட்டிக்கிட்டு வெளிய போனேன். சோர்ட்லாண்ட். ஊரு பூரா உறங்குது, துறையில மட்டும் மஞ்சள் விளக்கு. கப்பல் பக்கவாட்டுல ஒரு கதவு திறக்குது, ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒண்ணு உள்ளயும் வெளியயும் ஓடுது, சக்கரத்துக்கு அடியில பனி நறநறன்னு அரையுது. எதையோ பிளாஸ்டிக் சுத்தி வச்ச பெட்டி அடுக்கு எட்டோ ஒம்பதோ இறக்கினான். ஒரு பெரியவர் கையில துணிப்பையோட ஏறினாரு. அறையெல்லாம் எடுக்கல. காப்பிக்கடை பக்கத்து நாற்காலியில செருப்பக் கழட்டி வச்சுட்டு, தொப்பிய முகத்துல கவுத்திட்டு உறங்கிட்டாரு. காலையில ஹார்ஸ்டாட்ல எழுந்து இறங்கிப் போயிட்டாரு, ஆஸ்பத்திரிக்காம். கயிறு அவுக்கிற பையன் கையைக் கூட ஆட்டல, ஒரு கொட்டாவி விட்டான், கப்பல் நகந்துது. நாங்க பாக்கெட்டுல கேமராவோட "வாழ்க்கையில ஒரு தடவை"ன்னு போறோம், அவருக்கு அது செவ்வாய்க்கிழமை.

தூத்தூர்க்காரன் – செவ்வாய், காலை 5:55

வாத்தியாரே, படிச்சேன். நல்லா எழுதுதீங்க. ஒண்ணு சொல்லட்டா, கோவிக்காதீங்க. "இயற்கை எழில் கொஞ்சும் கடற்கரை"ன்னு யாராவது சொன்னா எங்க வீட்ல ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எனக்க அம்மை கடல் பக்கம் முகம் திருப்பி உக்காந்ததே இல்ல. நான் 40 நாள் ஆழ்கடல்ல கிடந்துட்டு வாறவன். எனக்குக் கப்பல்ல ஏழு நாள்னா வேலை இல்லாம எப்படி இருப்பீங்கன்னுதான் ஆச்சரியமா இருக்கு.

ஆனா அந்த மீன் விஷயம் எழுதுங்க. லோஃபோடன்ல மீன் காய வைக்கிறத வீடியோவுல பாத்திருக்கேன். நேர்ல எப்படி?

கோட்டார் வாத்தியார் – செவ்வாய், இரவு 8:40

கோவம் என்ன தம்பி. நீங்க சொல்றதுதான் நியாயம். எனக்க வீட்டுக்காரி கடியப்பட்டணம். அவளும் மலையப் பாத்து ஒண்ணும் சொல்லல. "படகு கட்ட இடம் நல்லாருக்கு"ன்னு மட்டும் சொல்லுவா.

லோஃபோடன்ல இருக்கிற ஸ்வோல்வேருக்குக் கப்பல் ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் போவுது. ஒரு மணி நேரம் நிக்கும். கும்மிருட்டு, மூக்கு நுனி உணர்ச்சி போயிடுச்சு. இறங்கி நாலு எட்டு வச்சதும் இவ நின்னுட்டா. "ஏங்க, கருவாடு." எனக்கு ஒண்ணும் தெரியல. அந்த மூக்குக்குப் பின்னாலயே நடந்தோம். சந்து திரும்பினா, கோயில் கொட்டகை மாதிரி மரக்கம்பு சாத்திக் கட்டின பந்தல். வாலோடு வால் சேத்து ரெண்டு ரெண்டா முடிஞ்சு, தலையில்லாத மீன் ஆயிரக்கணக்குல தொங்குது. காத்துல ஒண்ணோட ஒண்ணு முட்டி கட்டையடிக்கிற மாதிரி 'டொக் டொக்'னு ஒரு சத்தம்.

உப்பே கிடையாது. இதை இவளால நம்ப முடியல. தொட்டு நக்கிப் பாத்தா! காட் மீன், அங்க ஸ்க்ரைன்னு சொல்லுவான். ஜனவரியில பேரன்ட்ஸ் கடல்ல இருந்து முட்டை இட லோஃபோடனுக்கு வரும், ஏப்ரல் வரைக்கும் சீசன். பிடிச்சு, தலையெடுத்து, குடலெடுத்து அப்படியே தொங்க விட்டுடுவான். குளிர் பூஜ்யத்த ஒட்டி நிக்கிறதுனால அழுகாது, ஈ வராது, காத்தே காய வச்சிடும். ஜூன்ல இறக்குவான். நம்ம ஊர் வெயிலுக்கு உப்பு போடாம ஒரு ராத்திரி வச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். தலையத் தனியாக் காய வச்சு நைஜீரியாவுக்கு அனுப்புறான். மீன் நாக்கு அறுக்கிற வேலை சின்னப் பிள்ளைகளுக்கு, கைச்செலவுக்கு அதுதான் அவங்க வருமானம்.

தூத்தூர்க்காரன் – செவ்வாய், இரவு 9:10

நம்ம பிள்ளைகளும் கரமடி வலை இழுக்கும்போது கூடக் கை குடுத்துட்டு நாலு மீன் வாங்கிட்டுப் போவும். அதே கதைதான்.

அங்க மீனெண்ணெய் குடுப்பாங்களாமே?

கோட்டார் வாத்தியார் – செவ்வாய், இரவு 9:32

ஆமா. காலைச் சாப்பாட்டு மேசையில ஒரு பாட்டில் இருக்கும், பக்கத்துல குட்டிக் கரண்டி. காட் ஈரல் எண்ணெய். அவனவன் ஒரு கரண்டி ஊத்திக்கிட்டுப் போறான். சூரியன் தலைகாட்டாத மாசத்துல வைட்டமின் டி-க்கு அதுதான் வழி.

இன்னொரு கூத்து. நாலாம் நாள் காலையில ஆர்க்டிக் வட்டத்தத் தாண்டுவோம், 66 பாகை 33 கலை. ஒரு குட்டித் தீவுல இரும்புல உலக உருண்டை வச்சிருக்கான். கப்பல் ஊதும். பிறகு கடல்ராசா வேஷம் போட்டு ஒருத்தன் வந்து, சட்டைக் காலருக்குள்ள ஒரு அகப்பை ஐஸ் தண்ணி ஊத்துவான். தெக்கே திரும்பி வர்றவங்களுக்கு ஐஸுக்குப் பதிலா மீனெண்ணெய். நான் ஊத்திக்கிட்டேன். இவ "எனக்குத் தண்ணி ஊத்துறதுன்னா ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில ஊத்திக்கிடுதேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

தூத்தூர்க்காரன் – செவ்வாய், இரவு 9:50

எனக்க பாட்டி சுறா ஈரல உருக்கி எண்ணெய் எடுத்து வச்சிருக்கும். சளி பிடிச்சா மூக்கப் பிடிச்சு ஒரு மடக்கு. மிச்சத்த வள்ளத்துக்குப் பூசுவாங்க, மரம் தண்ணி குடிக்காது. ஒரே எண்ணெய், எனக்கும் வள்ளத்துக்கும்.

முட்டம் மக்கா – புதன், காலை 10:02

சீரியஸா ஒரு கேள்வி. நமக்கு நீரோடியில இருந்து ஆரோக்கியபுரம் வரைக்கும் எழுபது கிலோமீட்டர் சொச்சம் கடல். இதே மாதிரி ஒரு கப்பல், கொளச்சல், முட்டம், கன்னியாகுமரி, அப்படியே தூத்துக்குடி, ராமேஸ்வரம்னு விட்டா என்ன? விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடுதே.

எஞ்சின்ரூம் அண்ணாச்சி – புதன், காலை 11:35

மக்கா, பாறைப் படகே கடல் கொஞ்சம் முறுக்கினா நின்னுடுது, பாத்திருப்பே.

நம்ம கரைக்கு முன்னால தீவு கிடையாது. தெக்கே பாத்தா அண்டார்டிகா வரைக்கும் வெறும் தண்ணி. அங்க எங்கயோ அடிக்கிற புயலோட நீள அலை நாள்கணக்கா ஓடி வந்து இங்க கரை ஏறும், காத்தே இல்லாத தெளிஞ்ச நாள்ல. அதத்தான் கள்ளக்கடல்னு சொல்லுறது. ஆனி ஆடியில கச்சான் காத்து அடிச்சா நாலு மாடி உயரத்துக்குத் தண்ணி தெறிக்கும். மேக்குக் கரைக்கு ஜூன், ஜூலை ரெண்டு மாசம் விசைப்படகுக்குத் தடை, சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள். தடை மீன் பெருகத்தான், ஆனா அந்த மாசக் கடல் எப்படின்னு நமக்குத் தெரியும். அட்டவணை போட்டு மணி அடிச்சுக் கப்பல் நிறுத்த இது அந்த மாதிரிக் கடல் இல்ல.

நம்ம முன்னோர் இது தெரிஞ்சுதான் உள்நாட்டுல வழி தேடினாங்க. ஏவிஎம் கால்வாய், அதான் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், எதுக்குன்னு நினைச்சே? திருவனந்தபுரத்தக் கன்னியாகுமரியோட படகுல சேக்க 1860-ல வெட்ட ஆரம்பிச்சது. கடலுக்குப் பக்கத்துலயே, ஆனா கடல் தொடாம. முடியவே இல்ல. இப்ப மண்டைக்காட்டுப் பக்கம் போய்ப் பாரு, பாதி இடத்துல ஆகாயத்தாமரை.

கோட்டார் வாத்தியார் – புதன், இரவு 7:15

அண்ணாச்சி சொன்னதுக்கு ஒண்ணு சேக்கணும். நார்வேக்காரனுக்கும் எல்லா இடமும் தெப்பக்குளம் இல்ல. ஆறாம் நாள் ராத்திரி பெர்லெவோக்னு ஒரு ஊரு, பேரன்ட்ஸ் கடலுக்கு நேரா வாயத் திறந்து வச்ச ஊரு. ரொம்ப காலம் கப்பல் உள்ளயே போக முடியாம, வெளிய நிறுத்தி சின்னப் படகுலதான் ஆளையும் சாமானையும் இறக்கினாங்களாம். 1970-கள்லதான் அலைத்தடுப்பு முடிஞ்சிது. விளக்கு வெளிச்சத்துல பாத்தேன், நம்ம ஊர்ல போடுற அதே நாலுகால் கான்கிரீட் கல்லு! நம்ம மாவட்டத்துல ஒரு துறைமுக வாசல்ல அதே கல்லப் போட்டும் படகு கவுந்து ஆளு போற கதை ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் பேச்சு வரல. கல்லு ஒண்ணுதான், அத எங்க எந்தக் கோணத்துல போடுறதுங்கிறதுல இருக்கு.

தூத்தூர்க்காரன் – புதன், இரவு 7:48

அந்த வாசல்ல எனக்க கூட்டாளி போனான். வேற ஒண்ணும் எழுதல.

நார்வேக்காரனப் பத்தி எங்க அப்பா ஒரு காரியம் சொல்லுவாரு. கொல்லம் நீண்டகரையில 1953-ல அவங்க திட்டம் வந்துதான் விசைப்படகு பழக்கினாங்க. நம்ம ஊரு ஆளுக அங்கதான் போய் வேலைக்கு நின்னாங்க. அவன் கடல நான் பாத்ததில்ல, அவன் கொண்டு வந்த போட்டுல நாங்க பிழைச்சோம்.

பத்மநாபபுரம் ப்ரியா – வியாழன், காலை 8:20

படிக்கப் படிக்க என் கேள்வியே மறந்துபோச்சு. ரெண்டு சந்தேகம்: ராத்திரி வானத்துல தெரியுற வடக்கு ஒளி பாத்தீங்களா? ஊர்ல இறங்கினா கப்பல் விட்டுட்டுப் போயிடுமா?

கோட்டார் வாத்தியார் – வியாழன், காலை 10:45

ரெண்டாவதுக்கு முதல்ல பதில். போயிடும், கண்டிப்பாப் போயிடும். இறங்கும்போதும் ஏறும்போதும் அறைச்சாவி அட்டைய வாசல்ல 'பீப்'னு காட்டணும். ஆளு வரலன்னு அவனுக்குத் தெரியும், ஆனா நிக்க மாட்டான். பூடோவுல ரெண்டரை மணி நேரம் நிக்குதேன்னு இவ கம்பளிக்கடைக்குள்ள நுழைஞ்சா. பேத்திக்கு ஒரு தொப்பி, ரெண்டு கலர்ல எதுன்னு முடிவாகல. பனியில ஓடவும் முடியாது, பென்குயின் மாதிரி தத்தித் தத்தி வந்தோம். ஏறி நாலு நிமிஷத்துல பாலத்தத் தூக்கிட்டான். தொப்பி ரெண்டு கலரும் வாங்கியாச்சு.

ஒளி ஒரே ஒரு தடவை. ட்ரொம்சோ தாண்டி, ராத்திரி பதினொண்ணு இருக்கும். அறையில இருக்கிற ஒலிபெருக்கியில அறிவிப்பான், விருப்பம் இல்லாதவங்க அத நிறுத்தி வச்சுக்கலாம். எல்லாரும் பைஜாமா மேல கோட்டப் போட்டுக்கிட்டு மேல ஓடினோம். போட்டோவுல வர்ற அந்தப் பச்சை கண்ணுக்கு அவ்வளவு தெரியாது, சொல்லிடுதேன். முதல்ல மேகம்னே நினைச்சேன், சாம்பல் நிறத்துல. அப்புறம் அது வேட்டி உதறுற மாதிரி ஒரு உதறு உதறிச்சு. ஓரம் மட்டும் பச்சை. பத்து நிமிஷம்தான். அந்த ஜெர்மன் கிழவி பின்னலக் கீழ வச்சத அன்னைக்குத்தான் பாத்தேன்.

தக்கலை நர்ஸ் – வியாழன், பகல் 2:30

கருவாடு வாங்கிட்டு வந்தீங்களா இல்லையா? அதச் சொல்லாம முடிக்கப்பிடாது.

கோட்டார் வாத்தியார் – வியாழன், இரவு 9:00

வாங்காம வருவாளா. ரெண்டு மீன், பெர்கன்ல மகள் வீட்டுல வச்சே சமைச்சா. சும்மா சொல்லக்கூடாது, விறகுக்கட்டை. அம்மிக்குழவி இல்லாததுனால மருமகன் சுத்தியல் எடுத்துக் குடுத்தான், துணி சுத்தி அடிச்சு நெகிழ்த்தினா. பிறகு தண்ணியில ஊறப் போட்டு தினமும் தண்ணி மாத்தினா. ரெண்டாம் நாளே வீடு மணத்துப்போச்சு, பேத்தி மூக்கப் பொத்திட்டு மாடிக்குப் போயிட்டா. ஆறாம் நாள்தான் மெத்துன்னு வந்துது. தேங்காய் வறுத்தரைச்சு, புளி ஊத்தி, மரச்சீனிக் கிழங்கு அங்க ஆசியாக் கடையில உறைஞ்சது கிடைச்சுது, அதையும் அவிச்சு வச்சா. மீன் நல்லாதான் இருந்துது. ஆனா கருவாட்டுக் குழம்பு ருசி வரல, உப்புப் பிடிக்காத மீனு புளிய வாங்கவே இல்ல. "இது நம்ம குழம்புக்கு ஆகாது, வாளைக் கருவாடுதான் ஆகும்"னு தீர்ப்புச் சொல்லிட்டா.

அடுத்த தடவை போகும்போது ரெண்டு கிலோ வாளை கொண்டுபோறதா இருக்கா. பெட்டியில மணம் வராம எப்படிக் கட்டுறதுன்னு யாருக்காவது தெரிஞ்சா எழுதுங்க.

தூத்தூர்க்காரன் – வியாழன், இரவு 9:22

நல்லாக் காஞ்சதா எடுத்து, செய்தித்தாள்ல ரெண்டு சுத்து, மேல பிளாஸ்டிக் கவர் மூணு, இடையில காப்பித்தூள் பொட்டலம் ஒண்ணு. எனக்க தங்கச்சி துபாய்க்கு அப்படித்தான் கொண்டுபோவா. வாளை வேணும்னா சொல்லுங்க, அடுத்த தடவை கரைக்கு வரும்போது நல்லதா எடுத்து வைக்கச் சொல்லுதேன்.